வீடு பழகிவிடும், பயணம் பழகுமா?

பத்து வாரங்களுக்கு முன் சொந்த வீட்டுக்குக் குடிபோன ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 39. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். பழைய வாடகை வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு 20 நிமிடம்தான். இப்போது பஸ், ரயில், பிறகு கொஞ்சம் நடை என்று ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம். பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் ரயில் போய்விடும், அடுத்த ரயிலுக்கு 25 நிமிடம் நிற்க வேண்டும். கணவருக்கு நேர்மாறு. முன்பு 50 நிமிடம் போய்க்கொண்டிருந்தவர் இப்போது 15 நிமிடத்தில் போய்விடுகிறார். 10 வயது மகன் புதுப் பள்ளியில் இன்னும் ஒட்டவில்லை. முன்பு இரண்டு தெரு தள்ளி இருந்த அம்மாவை இப்போது ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடிகிறது.

வாசகி காலை 4:45-க்கு எழுகிறார், இரவு 11 மணிக்குப் படுக்கிறார். அவர் எழுதுகிறார்: "சொந்த வீடு வேண்டும் என்று நானும்தான் ஆசைப்பட்டேன். இப்போது கதவைத் திறக்கும்போதே வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைகிற மாதிரி இருக்கிறது. ரயிலில் இரண்டு முறை காரணமே இல்லாமல் அழுதுவிட்டேன். கணவரிடம் சொன்னால், 'ஆறு மாசத்துல பழகிடும், எல்லாரும் இப்படித்தான் போறாங்க வர்றாங்க' என்கிறார். கிடைத்ததை வைத்துச் சந்தோஷப்படத் தெரியாதவள் என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். வேலையை விட்டுவிடலாமா? கடன் அவர் சம்பளத்தில் ஓடட்டும். இல்லையென்றால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விடலாமா? அலுவலகத்தில் நேரத்தை மாற்றிக் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது, என்னைப் பற்றித் தவறாக நினைப்பார்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சந்தோஷப்படத் தெரியாதவர் எழுதிய கடிதமாக எனக்கு அது படவில்லை. போதுமான தூக்கம் இல்லாத, பழகிய ஒவ்வொன்றும் ஒரே வாரத்தில் மாறிப்போன ஒருவர் எழுதிய கடிதம் அது. அதனால் முதலில் அந்தத் திட்டை நிறுத்துங்கள்.

1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல ஆய்வாளர்கள் வாழ்க்கை மாற்றங்கள் தரும் பாரத்தை அளக்க 43 நிகழ்வுகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். துணையை இழப்பதற்கு 100 என்று வைத்து, மற்றவற்றுக்கு அதிலிருந்து மதிப்பெண் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் கல்யாணமும் இருக்கிறது, 50 மதிப்பெண்ணோடு. விரும்பி வரவேற்ற மாற்றம் என்றாலும் மனமும் உடம்பும் அதற்கு ஈடுகொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதே காரணம். வீடு மாறுவதற்கு 20, பெரிய வீட்டுக் கடனுக்கு 31, தூக்கப் பழக்கம் மாறுவதற்கு 16. நீங்கள் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே நேரத்தில் சுமக்கிறீர்கள். கண்ணீருக்குக் காரணமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நிறையவே தெரிகிறது.

அப்புறம், உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. இத்தனை விவரங்களுக்கு நடுவே, அம்மாவை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடிகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். இரண்டு தெரு தள்ளி அம்மா இருந்த காலத்தில், அலுவலகம் விட்டு வரும்போது ஒரு பத்து நிமிடம் அங்கே எட்டிப்பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே நீங்கள் யாருக்கும் எதுவும் செய்து கொடுக்க வேண்டியதில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் மகளாக மட்டும் இருக்கக் கிடைத்த அந்தப் பத்து நிமிடம் எந்த நேரக் கணக்கிலும் வராது. பயணம் தூரமாகிவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவும் தூரமாகிவிட்டார். உங்கள் வருத்தத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை நீங்களே உங்களிடம் ஒப்புக்கொண்டாலே மனம் கொஞ்சம் லேசாகும்.

இரண்டு பாரம், இரண்டு வழி

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. வீடு பழகும். பழைய வீட்டில் இருட்டில்கூட உங்கள் கை ஸ்விட்சுக்குப் போயிருக்கும், படிக்கட்டில் கால் எண்ணாமலே இறங்கியிருக்கும். இங்கே ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எந்த அலமாரியில் எது, எந்தக் கதவு சத்தம் போடும், இரவில் கேட்கும் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக யோசிப்பதும் களைப்புதான். லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதுச் செயல் யோசிக்காமல் நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். நீங்கள் 70 நாளைத்தான் தாண்டியிருக்கிறீர்கள். அதிலும் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. வீடு உங்கள் கணவருக்குப் பழகிய அளவு உங்களுக்குப் பழகாததற்கு இதுவே போதுமான காரணம். அவர் அந்த வீட்டில் உங்களைவிட அதிக நேரம் வாழ்ந்திருக்கிறார்.

பயணத்தின் கதை வேறு. சுவிட்சர்லாந்துப் பொருளியலாளர்களான ஸ்டுட்ஸர், ஃப்ரை இருவரும் ஜெர்மனியில் ஆண்டுக்கணக்கில் திரட்டப்பட்ட குடும்பத் தகவல்களை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூரமாகப் போய்வருபவர்களுக்கு அதற்கு ஈடாக நல்ல வீடோ நல்ல சம்பளமோ கிடைத்திருக்கும், அதனால் மொத்தத்தில் திருப்தி குறையாது என்றுதான் பொருளியல் எதிர்பார்க்கும். அவர்கள் கண்டது அப்படி இல்லை. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கை மீதான திருப்தி குறைந்துகொண்டே போனது. 2004-ல் வெளியான வேறோர் ஆய்வில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மனம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். இனிமையான உணர்வில் காலைப் பயணத்துக்குத்தான் கடைசி இடம். வேலையே அதற்கு மேலே இருந்தது.

நாளாக நாளாகப் பழகாமல் போவதற்கு ஒரு முக்கியக் காரணம், பயணம் தினமும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது. மாறாத ஒன்றை மனம் பழகிக்கொள்ளும், அது கஷ்டமானதாக இருந்தாலும். இன்று எப்படியிருக்கும் என்று தெரியாத ஒன்றுக்கு அது தினமும் புதிதாகத் தயாராக வேண்டியிருக்கிறது.

அதனால் வீட்டுக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள், பயணத்தை இப்போதே மாற்றியமைக்க ஆரம்பியுங்கள். இரண்டுக்கும் ஒரே மருந்தாகப் பொறுமையை எடுத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்குப் பிறகும் இதே இடத்தில்தான் இருப்பீர்கள். பயணத்தின் களைப்போடு வீட்டைப் பார்க்கும்வரை அந்த வீடும் பிடிக்காது. அதற்குள் அந்த வீட்டைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டாம்.

அந்த ஐந்து நிமிடம்

உங்கள் ஒன்றரை மணி நேரத்தில் பலவீனமான இடம் எது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறும் இடம். அங்கே ஐந்து நிமிடம் பிசகினால் 25 நிமிடம் போகிறது, தினமும் காலையில் அந்தப் பயத்தோடுதான் பஸ்ஸில் நிற்கிறீர்கள். மொத்த நேரத்தைக் குறைக்க முடியாவிட்டாலும் அந்த நிச்சயமின்மையைக் குறைக்க முடியும்.

கணவரின் அலுவலகம் 15 நிமிடத்தில் இருக்கிறது. காலையில் அவர் உங்களை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போகலாம், அல்லது அந்தத் தூரம் சைக்கிளுக்கோ ஸ்கூட்டருக்கோ அடங்குமா என்று பாருங்கள். இரண்டுமே முடியாவிட்டால் ஒரு பஸ் முன்னதாகப் பிடிப்பது நல்லது. பத்து நிமிடம் கூடுதலாகப் போனாலும், ரயில் கிடைக்கும் என்ற நிச்சயத்தோடு போகும் பத்து நிமிடம் அது. முழுத் தூரத்துக்கும் சொந்த வண்டி என்ற எண்ணம் வந்தால் ஒன்றை யோசியுங்கள். ரயிலில் கண்ணை மூடலாம், வண்டி ஓட்டும்போது முடியாது. இப்போது நீங்கள் தூங்கும் அளவுக்கு, தினமும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டுவதை நான் ஆபத்து என்றே சொல்வேன்.

ரயிலில் உட்காரும் நேரத்தை ஏதாவது படிப்புக்குப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போவது வீண் இல்லை. வேலையில் சொன்னது, வீட்டில் சொல்ல வேண்டியது எல்லாம் இறங்கிப்போக ஓர் இடைவெளி மனிதர்களுக்குத் தேவைப்படுகிறது.

வீட்டுக்குள் ஒரு கணக்கு

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இதுதான் மையம் என்று படுகிறது.

நீங்கள் முன்பு ஒரு நாளைக்கு 40 நிமிடம் பயணம் செய்தீர்கள், இப்போது 3 மணி நேரம். தினமும் 2 மணி 20 நிமிடம் கூடியிருக்கிறது. மாதம் 22 வேலை நாள் என்று வைத்தால் 51 மணி நேரத்துக்கும் மேல். அதாவது மாதத்தில் இரண்டு முழு நாட்கள், இரவும் பகலுமாக. உங்கள் கணவருக்கு முன்பு 100 நிமிடம், இப்போது 30. அவருக்குத் தினமும் 1 மணி 10 நிமிடம் மிச்சம். இந்த வீட்டுக்கான விலையில் நேரமாகக் கொடுக்க வேண்டிய பங்கை நீங்கள் ஒருவரே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதில் அவர் மேல் குற்றம் இல்லை. அவர் வேண்டுமென்று அப்படி அமைத்துக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டு வேலைகள் பழைய வீட்டில் பிரிந்திருந்தபடியே புது வீட்டுக்கும் வந்துவிட்டன என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதனால்தானே 4:45-க்கு எழுகிறீர்கள்? பிரிட்டனில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, பயண நேரம் பெண்களின் மனநலத்தைப் பாதித்த அளவு ஆண்களைப் பாதிக்கவில்லை என்று கண்டது. இத்தனைக்கும் ஆண்களே சராசரியாக அதிக நேரம் பயணம் செய்தார்கள். பெண்கள் மேல் இருக்கும் வீட்டுப் பொறுப்பும் பிள்ளை பார்க்கும் பொறுப்புமே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

ஒரு விடுமுறை நாளில், இருவரும் களைப்பில்லாமல் இருக்கும்போது, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். "எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றால் "பழகிடும்" என்றுதான் பதில் வரும். "உங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கு, எனக்கு இரண்டேகால் மணி நேரம் போயிருக்கு, இதை எப்படிப் பிரிச்சுக்கலாம்?" என்று கேட்டால் அவர் உட்கார்ந்து யோசிக்க ஓர் இடம் கிடைக்கும். காலையில் மகனைக் கிளப்புவது முழுக்க அவர் பொறுப்பு, மாலையில் பாடம் பார்ப்பதும் அவர் என்று இரண்டு வேலைகள் முழுசாகக் கைமாறினால்கூட நீங்கள் 5:45 வரை தூங்கலாம். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்பதைவிட ஒரு வேலையை முழுசாக ஒப்படைப்பது மேல். உதவி என்றால் அந்த வேலையை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு உங்களிடமே தங்கிவிடும்.

இதற்கு இது நல்ல நேரம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் 800 பேரிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அண்மையில் வீடு மாறியவர்கள் பழக்கங்களை மாற்றிக்கொள்ள மற்றவர்களைவிட இணங்கி வந்தார்கள். வீடு மாறிய முதல் மூன்று மாதம்வரைதான் அந்த வாய்ப்பு திறந்திருந்தது. உங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கிறது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் 20 நிமிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்றும் பேசி வையுங்கள். மகனுக்கும் சொல்லுங்கள், அவன் புரிந்துகொள்வான். அந்த 20 நிமிடத்துக்குப் பிறகு அவனோடு இருக்கும் அரை மணி நேரத்தில் பாடத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அவனும் பழைய நண்பர்களை விட்டு வந்தவன்தானே. "எனக்கும் இங்கே இன்னும் பழகலடா" என்று அம்மா சொல்லிக் கேட்பது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

வேலையை விடுவதா, வீட்டை விடுவதா

இரண்டையும் இப்போது முடிவு செய்ய வேண்டாம். 5 மணி 45 நிமிடம் தூங்கிக்கொண்டு எடுக்கும் பெரிய முடிவை நான் நம்ப மாட்டேன், அது உங்களுடையதாக இருந்தாலும் சரி, என்னுடையதாக இருந்தாலும் சரி.

வேலையை விட்டால் கடன் அவர் சம்பளத்தில் ஓடட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் இருவர் பெயரிலும் இருந்தால், உங்களுக்கு வருமானம் நின்றாலும் உங்கள் பொறுப்பு நிற்காது. தவணை தவறினால் வங்கி முழுத் தொகைக்கும் இருவரில் யாரையும் கேட்கலாம். ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை படியுங்கள். வீட்டை வாடகைக்கு விடுவதானாலும் அதே ஒப்பந்தத்தைப் பார்த்தாக வேண்டும். கடன் கொடுத்தவர்களின் அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது என்று சிலவற்றில் இருக்கும், காப்பீட்டின் நிபந்தனையும் மாறலாம். 11 ஆண்டு அனுபவத்தையும் எளிதாகக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள். வீட்டுக்கு அருகே வேறு வேலை தேடுவது தவறே இல்லை, அதை இந்த வேலையில் இருந்துகொண்டே தேடுங்கள்.

அதற்கு முன் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். தவறாக நினைப்பார்கள் என்பது உங்கள் ஊகம்தான். நேரத்தை மாற்றிக் கேட்பது சலுகை கேட்பது மாதிரி என்று நினைக்கிறீர்கள், பல நாடுகளில் அது சட்டத்திலேயே இருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே இப்படி விண்ணப்பிக்கலாம். கேட்கத்தான் உரிமை, கிடைத்தே தீரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உங்கள் இடத்தில் விதி என்ன என்பதைப் பணி நியமனக் கடிதத்திலும் நிர்வாக விதிகளிலும் பாருங்கள்.

கேட்கும்போது உங்கள் கஷ்டத்தைவிட உங்கள் யோசனையை முன்னால் வையுங்கள். கணக்குப் பிரிவில் மாதக் கடைசி நெருக்கடியானது, மாத நடுவில் அவ்வளவு இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, அல்லது நெரிசலுக்கு முன்பே வந்து முன்பே கிளம்புவது, இரண்டில் ஒன்றை மூன்று மாதச் சோதனையாகக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். வாரம் இரண்டு நாள் கிடைத்தாலே வாரத்துக்கு 6 மணி நேரப் பயணம் குறையும்.

இவற்றையெல்லாம் செய்துபார்த்து, குடிவந்து எட்டு மாதம் ஆகும்போது இருவரும் மறுபடி உட்காருங்கள். இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அப்போதும் தாங்க முடியவில்லை என்றால் வேலை, வீடு இரண்டில் ஒன்றை மாற்றுவது நியாயமான முடிவு. யாரும் அதைத் தோல்வி என்று சொல்ல விடாதீர்கள்.

உடம்பைக் கவனியுங்கள்

பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. உங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் தினமும் குறைகிறது. எரிச்சல், மறதி, சின்ன விஷயத்துக்குக் கண்ணீர் எல்லாம் இதிலிருந்தே வரலாம். அதனால் மிச்சப்படுத்தும் முதல் ஒரு மணி நேரத்தைத் தூக்கத்துக்கே கொடுங்கள், வீட்டை ஒழுங்குபடுத்த அல்ல. பிரிக்காத அட்டைப்பெட்டிகள் இன்னும் ஒரு மாதம் மூலையில் கிடக்கட்டும்.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறீர்களா? தொலைவிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் பலர் இதைச் செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் இதில் வரும். ரயில் நிலையத்திலும் அலுவலகத்திலும் எங்கே வசதி இருக்கிறது என்று பார்த்துவைத்து, அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் கனமாகவே இருந்தால், பிடித்தது எதிலும் ஆர்வம் போய்விட்டால், களைத்துப் படுத்தும் தூக்கம் வராவிட்டால், இதைப் பயணக் களைப்பு என்று ஒதுக்காமல் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நேரில் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே யாரிடமாவது சொல்லி உதவி தேடுங்கள்.

கடைசியாக அம்மா விஷயம். வாரத்தில் ஒரு நாள், அலுவலகம் விட்டு நேராக அம்மா வீட்டுக்குப் போங்கள். முடிந்தால் இரவு அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் காலை 20 நிமிடத்தில் வேலைக்குப் போகலாம். அன்று மகனை அப்பா பார்த்துக்கொள்வார். வாரத்தில் ஓர் இரவு கூடுதலாகத் தூங்கலாம், ஒரு மாலைப் பயணமும் ஒரு காலைப் பயணமும் மிச்சம், அம்மாவும் கூட இருப்பார். எந்தக் கிழமை என்று இன்றைக்கே கணவரோடு பேசி, அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.